பொத்தானை அழுத்தினோம், எண் மாறவில்லை

மாணவர்களே, உங்கள் பள்ளியின் போட்டி விளையாட்டு நாளில் இல்லங்களின் புள்ளிகளை யார் கூட்டுகிறார்கள் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? திடல் ஓரத்தில் ஒரு கூடாரம், அதற்குள் ஒரு மேசை, மேசைமேல் ஒரு மடிக்கணினி. அந்த மடிக்கணினிக்குள் ஓர் எக்செல் கோப்பு. அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் இதுதான் ஏற்பாடு.

அப்படியொரு கூடாரத்தில் தொண்டூழியராக உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கோப்பை எழுதியவர் படிவம் ஐந்து மாணவி ஒருவர். நேர்த்தியான வேலை. போட்டியின் பெயர், முதல் மூன்று இடங்களைப் பிடித்த இல்லங்கள், இவற்றைத் தட்டெழுதிவிட்டு, ‘புள்ளி கூட்டு’ என்ற நீலப் பொத்தானை அழுத்தினால் போதும். முதலிடத்திற்கு 5, இரண்டாமிடத்திற்கு 3, மூன்றாமிடத்திற்கு 1 என்று கூட்டி, நான்கு இல்லங்களின் மொத்தத்தையும் மேலே பெரிய எழுத்தில் காட்டிவிடும். காலை முழுதும் ஒரு குறையும் இல்லை.

மதியம் மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்துபோனது. மின்னிணைப்புக் கம்பி அங்கு எட்டவில்லை. கோப்பு ஏற்கெனவே புலனக் குழுவில் பகிரப்பட்டிருந்தது. ஓர் ஆசிரியர் அதைத் தம் திறன்பேசியில் திறந்து, கடைசி நான்கு போட்டிகளின் முடிவுகளைப் பொறுமையாக உள்ளிட்டார். நீலப் பொத்தானைத் தொட்டார். எண்கள் அப்படியே இருந்தன. ‘ஏற்கெனவே கூட்டியிருக்கும்போல’ என்று நினைத்துக்கொண்டு தாளில் குறித்துக் கொடுத்தார். மஞ்சள் இல்லம் 146, பச்சை இல்லம் 139. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மஞ்சள் இல்லத்தார் குதித்தார்கள், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள்.

அரை மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கடைசி நான்கு போட்டிகளில் பச்சை இல்லம் மூன்று முதலிடமும் ஓர் இரண்டாமிடமும் பெற்றிருந்தது, அதாவது 18 புள்ளி. மஞ்சளுக்கு இரண்டு இரண்டாமிடம், ஒரு மூன்றாமிடம், மொத்தம் 7. உண்மைக் கணக்கு பச்சை 157, மஞ்சள் 153. கிண்ணத்தைத் திரும்ப வாங்கும் காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். கோப்பை எழுதிய மாணவியைச் சிலர் கடிந்துகொண்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் கூட்டியது தப்பவில்லை. அவர் எழுதிய நிரல் அந்தத் திறன்பேசியில் ஓடவே இல்லை. ஓடவில்லை என்று அந்தத் திறன்பேசி தெளிவாகச் சொல்லவும் இல்லை.

இந்த வாரம் நான் எழுத நினைத்தது இதைப் பற்றித்தான். பலர் கையில் போய்ச் சேரப்போகும் ஒரு விரிதாளில் முக்கியமான கணக்கை மேக்ரோவிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

மேக்ரோ என்பது விரிதாளுக்குள்ளேயே தங்கியிருக்கும் ஒரு சிறு நிரல். 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளிலேயே மேக்ரோ இருந்தது. விசைப்பலகையில் நாம் தட்டும் தட்டல்களை வரிசையாக எழுதிவைத்தால் அது அப்படியே திரும்பச் செய்யும். எக்செல் 1993-இல் விஷுவல் பேசிக் மொழியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சுருக்கமாக அதை விபிஏ என்பார்கள். அன்று முதல் இன்று வரை எக்செல் மேக்ரோ என்றால் பெரும்பாலும் விபிஏதான். நீங்கள் ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்திவிட்டு ஏதேனும் வேலை செய்தால், அதைப் பார்த்துக்கொண்டிருந்து விபிஏ நிரலாக அதுவே எழுதித் தரும். பலர் நிரலாக்கத்தில் முதல் அடி எடுத்துவைத்தது இப்படித்தான். அந்த வகையில் எனக்கு மேக்ரோமீது மரியாதை உண்டு.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். மேக்ரோ உள்ள ஒரு கோப்பை எடுத்து அதற்கு ஒரு நகல் செய்துகொள்ளுங்கள். நகலில் மட்டும் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பெயரின் கடைசியில் ‘எக்ஸ்எல்எஸ்எம்’ என்று இருக்கும். அதை அழித்துவிட்டு ‘ஜிப்’ என்று மாற்றுங்கள். கணினி ஒருமுறை எச்சரிக்கும், பரவாயில்லை. இப்போது அதைத் திறந்தால் உள்ளே பல கோப்புறைகள் தெரியும். 2007 முதல் எக்செல் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டைதான்.

மூட்டைக்குள் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதைக் குறிப்பேட்டுச் செயலியில் திறந்தால் கண்ணால் படிக்கலாம். நீங்கள் எழுதிய சூத்திரம், அதன் விடை, இரண்டும் எழுத்தாகவே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இந்த அமைப்பு அனைத்துலகத் தர நிர்ணயமாக 2008-இல் ஏற்கப்பட்டு வெளியிடப்பட்டது. ஆகவே கூகிள், லிப்ரே ஆபிஸ், திறன்பேசிச் செயலிகள் என யார் வேண்டுமானாலும் அந்தச் சூத்திரத்தைப் படித்துத் தாமே கணக்கிட முடியும்.

அதே மூட்டையில் ‘விபிஏ புராஜெக்ட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு தனியாகக் கிடக்கும். அதைக் குறிப்பேட்டில் திறந்தால் குப்பையாகத் தெரியும். மேக்ரோ முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. அதை ஓட்டுவதற்கு விபிஏ இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரம் விண்டோஸ், மேக் கணினிகளில் நிறுவும் எக்செல்லில் மட்டும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு எக்செல்லில் இல்லை, ஐபோன் எக்செல்லில் இல்லை, உலாவியில் திறக்கும் எக்செல்லிலும் இல்லை. அவை கோப்பைத் திறக்கும், தாளைக் காட்டும், நீங்கள் தட்டெழுதியதைச் சேமிக்கும், பெட்டியையும் பத்திரமாகத் திருப்பித் தரும். பெட்டியைத் திறந்து ஓட்டமட்டும் தெரியாது.

திடலில் எண் ஏன் மாறவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஏன் பிழை எதுவும் கண்ணில் படவில்லை? மொத்தம் இருந்த கட்டத்தில் சூத்திரம் இல்லை. மேக்ரோ காலையில் கணக்கிட்டு, வெறும் எண்ணாக 146 என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தது. அந்த எண்ணுக்குத் தான் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாது. கீழே புதிய முடிவுகள் சேர்ந்ததும் தெரியாது. சூத்திரம் அப்படியல்ல, கீழே ஒன்று மாறினால் தானும் மாறும், முடியாவிட்டால் பிழைக்குறியைக் காட்டிக் கத்தும். சத்தம் போடாத பிழையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

ஒரே எக்செல், பல பிறவிகள்

‘அப்படியானால் திறன்பேசியை விட்டுவிடுங்கள், எல்லாரும் கணினியில் திறக்கட்டும்’ என்று நீங்கள் கேட்கலாம். கணினியிலும் கதை அவ்வளவு நேர்க்கோடாக இல்லை.

மேக் கணினிக்காக 2008-இல் வந்த ஆபிஸ் பதிப்பில் விபிஏ அறவே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2006-இல் இன்டெல் சில்லுக்கு மாறியது. பழைய சில்லுக்கென எழுதப்பட்டிருந்த விபிஏவைப் புதிதாக மாற்றி எழுதுவது பெரிய வேலை என்று மைக்ரோசாஃப்ட் அதை விட்டுவிட்டது. 2011 பதிப்பில்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் மேக் வைத்திருந்தவர்களுக்கு அலுவலக மேக்ரோக்கள் வெறும் அலங்காரப் பொத்தான்களாகக் கிடந்தன. இன்றைக்கும் விண்டோஸில் எழுதிய மேக்ரோ ஆக்டிவ்-எக்ஸ் பொத்தானைப் பயன்படுத்தினால் மேக்கில் அது வேலை செய்யாது.

விண்டோஸுக்குள்ளேயும் பிளவு உண்டு. 2010 பதிப்பிலிருந்து 32 பிட், 64 பிட் என இரண்டு வகை. விண்டோஸின் உள் வசதிகளை நேரடியாக அழைக்கும் பழைய மேக்ரோ, 64 பிட் எக்செல்லில் முதல் வரியிலேயே நின்றுவிடும். லிப்ரே ஆபிஸ் விபிஏவில் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. கூகிள் விரிதாளில் மேக்ரோ உண்டு, ஆனால் அது ஜாவாஸ்கிரிப்ட் வழிவந்த வேறு மொழி. விபிஏவை அது ஓட்டாது.

கூகிளுக்கு மாறிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சிறு எச்சரிக்கை. கூகிள் விரிதாளில் நீங்கள் வரைந்துவைத்த பொத்தானும் நீங்களே சேர்த்த பட்டியலும் அதன் திறன்பேசிச் செயலியில் இயங்குவதில்லை. கட்டத்தில் ஏதேனும் மாறினால் தானாக ஓடும் நிரல்கள் மட்டும் திறன்பேசியிலிருந்தும் ஓடும், ஏனெனில் அவை உண்மையில் ஓடுவது கூகிளின் வழங்கியில். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பொத்தானுக்குப் பதில் ஒரு தேர்வுக்குறிப் பெட்டியை வைக்கிறார்கள். பெட்டியில் குறியிட்டதும் நிரல் ஓடும். கெட்டிக்காரத்தனம்தான்.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை. எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 29 பிப்ரவரி 1900 என்று காட்டும். அப்படி ஒரு நாளே வரவில்லை. 1900 லீப் ஆண்டு அல்ல, 100-ஆல் வகுபட்டும் 400-ஆல் வகுபடாத ஆண்டு அது. லோட்டஸ் 1-2-3 செய்த தவற்றை, அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அதே 60-ஐக் கூகிள் விரிதாளில் தேதியாக்கினால் 28 பிப்ரவரி 1900 வரும். எக்செல்லுக்குள் இருக்கும் விபிஏவும் 28 என்றே சொல்லும்! ஒரே வீட்டுக்குள் தாளும் மேக்ரோவும் இரண்டு நாட்காட்டி வைத்துக் குடும்பம் நடத்துகின்றன. 1900 மார்ச் 1-க்குப் பிறகு இரண்டும் ஒத்துப்போகும் என்பதால் நம் யாருக்கும் நட்டமில்லை.

தேதியில் உண்மையான நட்டம் வேறு இடத்தில் வருகிறது. நாம் 3/4/2025 என்று எழுதினால் ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு அது மார்ச் 4. எக்செல் தாள் உங்கள் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து நடந்துகொள்ளும். ஆனால் விபிஏ நிரல் வழியாக ஒரு சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், நீங்கள் தனியாகக் குறிப்பிடாதவரை, அது அமெரிக்க முறையில் படிக்கும். மாணவர்களின் பிறந்த தேதிப் பட்டியல் ஒன்றை அப்படித் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 25/4 என்பதில் 25-ஆவது மாதம் கிடையாது, ஆகவே அது எழுத்தாகவே நின்றுவிடும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 1 முதல் 12 வரையிலான தேதிகளில் பிறந்தவர்களுக்கு நாளும் மாதமும் சத்தமின்றி இடம் மாறிவிடும். பட்டியலில் பாதி சரிபோலத் தெரிவதால் யாருக்கும் ஐயம் வராது.

தமிழில் மேக்ரோ எழுத முயன்றவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். தாளில் தமிழ் அழகாகத் தெரியும். விபிஏ எழுதும் சாளரத்தில் ‘வாழ்த்துகள்’ என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள். உங்கள் விசைப்பலகையில் கோளாறு இல்லை. அந்தச் சாளரம் யுனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்து அட்டவணைகளை நம்பி இயங்குகிறது. விண்டோஸில் தமிழுக்கென அப்படி ஓர் அட்டவணை இருந்ததே இல்லை. தமிழ் நேரே யுனிகோடாகத்தான் உள்ளே வந்தது. விபிஏ காட்டும் செய்திப் பெட்டிக்கும் இதே கதிதான். ‘அ’ என்ற எழுத்து வேண்டுமானால் அதன் யுனிகோடு எண் 2949-ஐக் கொடுத்து வரவழைக்க வேண்டும். எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, மேக்ரோ அங்கிருந்து எடுத்து வேறொரு கட்டத்தில் இடும்படி செய்யலாம். ஒரு தமிழ் மாணவர் தம் மொழியில் ‘வணக்கம்’ சொல்வதற்கு இவ்வளவு சுற்று வழி வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தமே.

விளையாட்டுத் திடலோடு நிற்பதில்லை

கிண்ணத்தைத் திரும்ப வாங்கியதோடு எங்கள் கதை முடிந்துவிட்டது. பதிப்பு பொருந்தாமல் போனதால் வந்த வேறொரு கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, 15,841 கோவிட் தொற்றுகள் தன் கணக்கில் சேராமல் விடுபட்டுப்போனதாக அறிவித்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான எட்டு நாள் கணக்கு அது. ஆய்வகங்கள் அனுப்பிய தரவுகளைத் துறையின் எக்செல் வார்ப்புரு ஒன்றில் தானியக்கமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்ப்புரு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தது. பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தாம். 2007-இல் வந்த புதிய வடிவத்தில் 10,48,576 வரிசைகள். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் தாள் விரைவில் நிரம்பியது. அதற்குமேல் வந்தவை விடுபட்டன.

அந்த 15,841 பேருக்கும் தங்கள் பரிசோதனை முடிவு தெரியும். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியாளர்களுக்குத்தான் பெயர்கள் போய்ச் சேரவில்லை. தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்த வாரத்தில், எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் எச்சரிக்கப்படாமல் வேலைக்கும் கடைக்கும் போய் வந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாற்று வந்துவிட்ட ஒரு கோப்பு வடிவத்தால் வந்த வினை. அங்கும் தாள் கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

‘இயக்கு’ என்று அழுத்தச் சொல்லாதீர்கள்

மேக்ரோ கோப்பைப் பிறருக்கு அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப்படுகிறது.

1999 மார்ச் மாதம் மெலிசா என்ற மேக்ரோ நச்சுநிரல் உலகைச் சுற்றியது. வேர்ட் ஆவணம் ஒன்றுக்குள் அது ஒளிந்திருந்தது. திறந்ததும் உங்கள் அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொள்ளும். தெரிந்தவரிடமிருந்து வந்ததால் எல்லாரும் நம்பித் திறந்தார்கள். மின்னஞ்சல் வழங்கிகள் திணறின. அதற்குப் பிறகும் மேக்ரோ வழியாகப் பரவிய தீநிரல்களுக்குக் குறைவில்லை. மேக்ரோ என்பது முழுமையான நிரல். புள்ளியைக் கூட்டத் தெரிந்த அதற்கு உங்கள் கோப்புகளை அழிக்கவும் தெரியும்.

ஆகவேதான் மைக்ரோசாஃப்ட் 2022 முதல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோவை விண்டோஸில் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. நீங்கள் உலாவி வழியாக ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போது, ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று விண்டோஸ் அதன்மீது கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் இடுகிறது. எக்செல் அதைப் பார்த்ததும் சிவப்புப் பட்டை காட்டி மேக்ரோவை நிறுத்திவிடும். முன்பிருந்த மஞ்சள் பட்டையில் ஒரே அழுத்தில் இயக்கிவிடலாம். சிவப்பில் அந்தப் பொத்தான் இல்லை. கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கினால்தான் உண்டு.

இப்போது புலனக் குழுக்களில் என்ன நடக்கிறது தெரியுமா? ‘சிவப்புப் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம், பண்புகளில் போய்த் தடையை எடுத்துவிடுங்கள்’ என்று கோப்போடு சேர்த்து ஒரு விளக்கமும் அனுப்புகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் இருபது பேருக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த மாதம் முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பிலும் அதே இருபது பேர் அதே தடையை அதே வேகத்தில் எடுப்பார்கள். உங்கள் கோப்பு நல்லதாகவே இருக்கட்டும். அது ஏற்படுத்தும் பழக்கம் நல்லதில்லை. அந்த இருபது பேரில் உங்கள் அம்மாவும் இருக்கலாம்.

பிறகு எப்படித்தான் செய்வது?

திடல் கோப்பையே எடுத்துக்கொள்வோம். மேக்ரோவில் அறுபது வரி நிரல் இருந்தது. அதே வேலையை இரண்டு சூத்திரங்கள் செய்துவிடும். இடத்திற்கேற்ற புள்ளியை ஒரு சிறு அட்டவணையில் எழுதிவைத்து, ‘வீலுக்கப்’ மூலம் எடுக்கலாம். இல்லத்தின் பெயர் பொருந்தும் வரிசைகளின் புள்ளிகளை மட்டும் கூட்ட ‘சம்இஃப்’ இருக்கிறது. இரண்டும் பழைய எக்செல், புதிய எக்செல், கூகிள், லிப்ரே ஆபிஸ், திறன்பேசி என எங்கும் ஒரே விடை தரும் பழஞ்சூத்திரங்கள். ‘மஞ்சள்’ என்பதை ஒருவர் ஒற்று விட்டு ‘மஞசள்’ என்று தட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டத்தில் கீழிறங்கு பட்டியல் வைக்கலாம். அதுவும் திறன்பேசியில் வேலை செய்யும்.

புதிய சூத்திரங்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. ‘எக்ஸ்லுக்கப்’ அருமையானது, நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் 2016, 2019 பதிப்பு எக்செல்லில் அது கிடையாது. பள்ளிக் கணினிக்கூடத்தில் என்ன பதிப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் கருத்துக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. மறைக்க விரும்பவில்லை. சூத்திரத்தால் எல்லாம் முடியாது. நாற்பது மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையைத் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்க வேண்டும் என்றால் சூத்திரம் கைவிரித்துவிடும். மேக்ரோ ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். பல ஆசிரியர்களின் சனிக்கிழமைகளைக் காப்பாற்றியது ஏதோ ஒரு பழைய மேக்ரோதான். அந்த வேலையைச் செய்பவர் ஒருவர், செய்யும் கணினி ஒன்று. வந்து சேரும் கோப்புகளில் மேக்ரோ இருக்காது. அங்கே மேக்ரோ தாராளமாக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் மறுப்பது, ஒருவர் கணினிக்கென எழுதிய நிரலைப் பத்துப் பேர் திறன்பேசிக்கு அனுப்பிவிட்டு, அது எல்லார் கையிலும் ஓடும் என்று நம்புவதை.

பத்துப் பேரில் கணினி இல்லாதவர்கள் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டில் இருந்தபடி படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன், தங்கை, நீங்கள் என மூவருக்கும் சேர்த்து அப்பாவின் ஒரு திறன்பேசி. அதில் திறக்காத பயிற்சித்தாள் வந்தால், பாடம் உங்களுக்கு வரவில்லை என்றுதான் பொருள். இன்று நீங்கள் கோப்பு எழுதுபவராக மாறும்போது, மறுமுனையில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துவிடுவது எளிது. கணினிக்கூடத்தில் ஓடியது என்பதோடு நிறுத்திவிடாமல், விலை குறைந்த ஒரு திறன்பேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு நிமிட வேலை.

மேக்ரோவை விட முடியாத இடத்தில் ஒரு காவலாளியாவது வையுங்கள். மேக்ரோ ஓடி முடித்ததும், தான் எத்தனை முடிவுகளைக் கூட்டியது என்ற எண்ணிக்கையை ஒரு கட்டத்தில் எழுதிவைக்கட்டும். பக்கத்துக் கட்டத்தில், தாளில் இப்போது எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று எண்ணும் சாதாரணச் சூத்திரம் ஒன்று. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ‘கூட்டல் பழையது’ என்று சிவப்பில் காட்டும் மூன்றாவது சூத்திரம். மேக்ரோ ஓடாத திறன்பேசியிலும் இந்தச் சூத்திரங்கள் ஓடும். அன்று இது இருந்திருந்தால் கடைசி நான்கு போட்டிகள் கூட்டலில் சேரவில்லை என்பது அந்த ஆசிரியரின் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த மாணவியைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். நடந்ததை நான் தொடவில்லை, அவராகவே பேச்சை எடுத்தார். “பொத்தானை எடுத்துட்டேன் சார். முழுக்க சூத்திரம்தான். என் ஃபோன், அம்மா ஃபோன், ஸ்கூல் கணினி, மூணுலயும் போட்டுப் பார்த்துட்டேன்” என்றார். இந்த ஆண்டுப் போட்டியில் மூன்றாவது நிகழ்வின்போதே மழை பிடித்துக்கொண்டது. மடிக்கணினியை எடுத்து உறைக்குள் வைத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் திறன்பேசியில்தான் கூட்டினோம். நீல இல்லம் வென்றது.